செம்பி மறைந்தபோது

வெண்ணன் பெரிய நட்சத்திரம், பளிச்சென்ற வெள்ளை. செம்பி சின்னவள், மங்கலான சிவப்பு. இருவரும் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அவள் குறுக்கே வரும்போதெல்லாம் வெண்ணனுக்குக் கோபம் வரும்.

"என்னை மறைப்பதைத் தவிர உனக்கு வேறு வேலையே இல்லையா? எங்கேயாவது போய்த் தொலையேன்" என்றான் ஒருநாள்.

"போகிறேன். எதற்கும் காத்தானை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்" என்றாள் செம்பி.

காத்தான் தூரத்திலிருந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம். வெண்ணன் அவனிடம் முறையிட்டான்.

"இங்கிருந்து பார்த்தால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே புள்ளிதான்" என்றான் காத்தான். "அவள் உன் முன்னால் வந்தால் வெளிச்சம் நிறையக் குறைகிறது."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

"உன் பின்னால் போனாலும் கொஞ்சம் குறைகிறதே."

"அப்போது என்னை யாரும் மறைக்கவில்லையே?"

"மறைக்கவில்லை. அவளைத்தான் நீ மறைக்கிறாய். அப்போது குறைவது அவளுடைய வெளிச்சம்."

வெண்ணன் செம்பியின் பக்கம் திரும்பினான். காத்தான் என்ன சொன்னான் என்று செம்பி கேட்டாள்.

"அவனுக்குக் கண் சரியில்லை. நீ எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இரு."

அடுத்த முறை செம்பி அவன் பின்னால் போனாள். அவள் மறுபடி வெளியே வரும்வரை வெண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.