நரம்பில் ஊறும் சாறு

பாகூரில் பிற்பகல் வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைப் பாயில் விரித்திருக்கிறது. மனச்சோர்வில் மாதக்கணக்காய்ப் படுத்தே கிடக்கும் ஜொஹரா பீவியிடம் மாத்திரையை நீட்டுகிறான் கணவன் கலீலுல்லா. இன்று அவன் தன் கடையைத் திறக்கவில்லை. தூக்கமில்லாமல் அவன் கண்கள் எரிகின்றன. “தின்னு இன்னாங்க ஆவப்போவுது?” என்கிறாள். “ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ஏதோ சாறு விடுதாம். விட்ட நரம்பே அத ஒடனே திருப்பி உறிஞ்சிக்குதாம். இந்த மாத்திர அந்த உறிஞ்சுற வழிய அடைக்குமாம், சாறு அங்கயே தங்குமாம். டாக்டரு சொன்னாரு. கொணம் தெரிய நாளாவுமாம்.” அவள் தண்ணீரோடு விழுங்குகிறாள். தம்ளரைத் திருப்பித் தரும்போது அவள் பார்வை அவன் மார்பில் நிற்கிறது. “சட்டையில பொத்தான் இல்லியே” என்கிறாள். சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துவிடுகிறாள். இத்தனை மாதத்தில் முதன்முறையாக அவள் கண்ணில் ஏதோ ஒன்று பட்டிருக்கிறது. கலீலுல்லா அசையாமல் நிற்கிறான்.