அடுத்தவர் கட்டும் முடிச்சு

கடல் கொந்தளிக்கிறது. காற்று மணலை வாரிக் கணுக்காலில் அடிக்கிறது. இந்த உள்ளூர் நண்பர்களிடம் ஒரு பழக்கம்: காற்றில் ஓட்டும் பாய்மரப் பலகையில் ஏறும் முன் ஒருவருடைய பாய்க்கயிற்றை இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டும். அவர்களில் ஒருத்தியான அவளுடையதை இன்று, மெக்கானிக் வேலை பார்க்கும் நண்பன் கட்டியிருக்கிறான். போன வாரம் எல்லோரும் பார்க்க பலகை ஓட்டத்தில் அவள் அவனை முந்தியதிலிருந்து அவன் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறான். நடுக்கடலில் முடிச்சு நழுவினால் பாய் போகும், அவளும் போவாள். அவன் தண்ணீர் குடிக்க நகர்ந்ததும் குனிந்து அவிழ்க்கிறாள். இரண்டு நகம் உடைந்த பிறகுதான் முடிச்சு இளகுகிறது. தானே திரும்பக் கட்டி நிமிரும்போது கூட்டத்திலுள்ள தையல்கார அக்கா பக்கத்தில் நிற்கிறாள். "என்னடி, முடிச்சு சரியா இருக்கா?" "இருக்குக்கா." "இருக்கும். அவன் கட்டினா அவனாலயே அவுக்க முடியாது." மெக்கானிக் வாயைத் துடைத்தபடி வந்து தன் பலகையை அவள் பக்கம் தள்ளுகிறான். "என்னோடத நீ கட்டும்மா. சீக்கிரம், காத்து ஏறுது." முதுகைக் காட்டிக்கொண்டு மிதவைச் சட்டையை மாட்டுகிறான். அவள் கட்டி, மூன்று முறை இழுத்துப் பார்க்கிறாள். அவன் முடிச்சை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல் பலகையோடு அலைக்குள் இறங்குகிறான். உடைந்த நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அவள் நிற்கிறாள். அவன் ஏன் பார்க்கவில்லை?