பதில் அனுப்ப வேண்டாம்

"பேரைச் சொல்ல மாட்டானாம். நாம பதிலும் போடக் கூடாதாம். அஞ்சு மணிக்குள்ள பட்டனை மட்டும் அமுக்கணுமாம். இது திருடன் எழுதினதுதான் தம்பி, சந்தேகமே இல்ல!"

மருந்துக் கிடங்கின் பொறுப்பாளரான பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் இருந்த மெயிலை விரலால் தட்டிக் காட்டினார்.

"அது நான் எழுதினதுங்க ஐயா," என்றான் எதிரே நின்ற கம்ப்யூட்டர் பிரிவு இளைஞன்.

"நீங்களா? அப்போ பேரை ஏன் போடல?"

"எல்லாருக்கும் போற அறிவிப்பு இது. பொதுக் கணக்குல இருந்துதான் அனுப்புவோம். அதுக்குப் பின்னால ஆள்னு யாரும் கிடையாது."

"ஆளே இல்லாத இடத்துல இருந்து வர்ற தபாலை நான் நம்பணும். நல்லாயிருக்கு!"

இளைஞனுக்கு வியர்த்தது. நிறுவனத்தின் மெயில் முழுவதையும் புது இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மனிதர்களின் மெயில் கணக்குகள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டன. குளிர் அறையின் கணக்கு ஒன்றுதான் பாக்கி. அறைக்குள் சூடு ஏறினால், காவல் பணியில் இருப்பவரின் போனுக்குத் தானாகவே மெயில் அனுப்பும் கணக்கு அது. அதற்குப் பொறுப்பு என்று பெரியவரின் பெயரைப் பதிந்து வைத்திருந்தார்கள். அவர் ஒப்புதல் தராமல் அது நகராது. ஐந்து மணிக்குப் பழைய மெயிலை நிறுத்திவிட்டால், குளிர் அறை ஊமையாகிவிடும். உள்ளே இருக்கும் தடுப்பூசி மருந்து கெட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாது. அவனுக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இதில் கோளாறு வந்தால் நாளைக்கு அவன் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"ஐயா, ஒப்புதலுக்குன்னு உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க, நானே போட்டு முடிச்சிடறேன்."

பெரியவர் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். "யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லாதீங்கன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"கம்ப்யூட்டர் பிரிவுல இருந்து வர்றேன்னு சொன்னாலும் நம்பாதீங்கன்னு?"

"அதுவும் நான்தான்."

"அப்புறம் நீங்களே வந்து கேட்டா என்ன அர்த்தம்? ஒண்ணு, எழுதினது பொய்யா இருக்கணும். இல்ல, எதுக்க நிக்கறது பொய்யா இருக்கணும்."

"அவசரத்துல கேட்டுட்டேங்க. ஐயா, என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"மூஞ்சி தெரியும். மூஞ்சியப் பார்த்து நம்பற காலமா இது? மருந்து கெட்டா என்னைத்தான் கேப்பாங்க. அடையாள அட்டை எங்க?"

இளைஞன் கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தான். பெரியவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல மீசை இருக்கே?"

"எடுத்துட்டேங்க."

"ஏன்?"

"வீட்டுல பிடிக்கலைன்னு சொன்னாங்க."

"சொன்னா உடனே எடுத்துடறதா?"

"எடுக்காம அந்த வீட்டுல இருக்க முடியுமாங்க?"

அதை மட்டும் பெரியவர் தலையாட்டி ஒப்புக்கொண்டார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது மேலாளர் அம்மா வேகமாக உள்ளே வந்தார். அந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன அவருக்கு.

"என்ன, இன்னுமா முடியல? மேலிடத்துல இருந்து போன் மேல போன்!"

"நம்பரைக் கேக்கறாரும்மா. யாரு எவருன்னு தெரியாம எப்படிக் குடுக்கறது?"

"இவர் நம்ம ஆளுதான் பெரியவரே. நான் சொல்றேன், போதுமா?"

"நீங்க சொன்னாச் சரி. ஆனா நானேதான் போடுவேன். அவரை அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுங்க."

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையசைத்தார். இளைஞன் பெருமூச்சு விட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

பெரியவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி அமுக்கினார்.

"தப்புங்குது."

"நேரம் தாண்டியிருக்கும் ஐயா. இப்போ புதுசா ஒண்ணு வரும், அதை..."

"சுவரைப் பார்த்தே பேசுங்க!"

மறுபடி ஒற்றை விரல். மறுபடி தேடல். இளைஞன் சுவரில் இருந்த விரிசலை வெறித்துக்கொண்டிருந்தான். சட்டென்று மேசை மேல் இருந்த காவல் பணிக்கான போன் கிணுகிணுத்தது. புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்த குளிர் அறை, சோதனைக்காகத் தன் முதல் மெயிலை அனுப்பியிருந்தது. "வந்துருச்சு!" என்று மேலாளர் கை தட்டினார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தோள்கள் தளர்ந்து இறங்கின.

"இருந்தாலும் பெரியவரே, கூட வேலை பார்க்கிற பிள்ளை மேல இவ்வளவு சந்தேகமா? ஒரு தடவை நம்பிப் பார்த்தாத்தான் என்ன?"

"நம்பிப் பார்த்தேனேம்மா," என்றார் பெரியவர், கண்ணாடியைத் துடைத்தபடி. "தங்கமான பையன்னு நாலு பேர் சொன்னாங்க. ஒரு கேள்வி கேக்காம என் ஒரே பொண்ணைத் தூக்கிக் குடுத்தேன். மருந்தையாவது விசாரிச்சுக் குடுக்க வேணாமா? நீங்க இப்போ திரும்பலாம், மாப்ளே!"