முதல் கியர்

கையில் மாவுக்கட்டு இருந்ததால், நல்லசாமி மனைவி வசந்தாமணியை ஓட்டவிட்டுக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காரில் புறப்பட்டார். இறக்கத்தில் கார் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தபடி முந்திப் போனார்கள்.

“ஏம்புள்ள, இப்படியே முதல் கியர்லயேவா போவே? உனக்கு லைசென்ஸ் குடுத்தவனைச் சொல்லோணும். நாம போறதுக்குள்ள அங்க தாலியே கட்டிருவாங்க!”

அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி சாலையையே பார்த்து ஓட்டினாள். அவர் இருப்புக்கொள்ளாமல் வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

அடிவாரத்தில் அவள் சட்டென்று ஒரு மேட்டுப் பாதையில் காரைத் திருப்பினாள். ஏற்றத்தில் கார் தானாகவே வேகம் குறைந்து நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“இங்க எதுக்கு நிறுத்துனே?”

“பொறப்பட்ட கொஞ்ச நேரத்துலயே கால் பிரேக் போயிருச்சுங்க. சொன்னா நீங்க பதறி ஸ்டியரிங்கைப் புடிச்சிருவீங்கன்னுதான் சொல்லலீங்க.”

கதவைத் திறந்து இறங்கிய நல்லசாமி, கட்டில்லாத கையால் ஒரு கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அண்டைகொடுத்தார்.