கனவில் வந்த எழுத்து

அஸ்ஸாமின் டிஃபு ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் மாலை வெயில் பெஞ்சுகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. மேடையில் தோர்சிங் ஹான்ஸே, தோளில் கௌரவத் துண்டுடன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கிறான். பின்னால் கார்பி மொழிக்கான புதிய எழுத்துகள் வரைந்த துணி படபடக்கிறது. "ரோமன் எழுத்தும் கடன், அஸ்ஸாமிய எழுத்தும் கடன். இது நம்மளோடது. ஒருநாள் என் கனவுல வரிசையா வந்து நின்னுச்சு!" கைதட்டல் எழுகிறது. முன்வரிசையில் காதோம் தேராங்பியின் கைகள் மடியிலேயே கிடக்கின்றன. அவளும் அவனும் சேர்ந்து உருவாக்கிய எழுத்துகள் அவை. அவள் வீட்டுச் சமையலறைத் தரையில் கரித்துண்டால் வரைந்து, அழித்து, சண்டை போட்டு. பக்கத்தில் நாத்தனார் குனிகிறாள். "கனவாமே அண்ணி! உங்க வீட்டுல அந்த ஆளு சோறு தின்னுதான் பாத்திருக்கேன், தூங்கிப் பாத்ததே இல்ல." தோர்சிங் துணியிலிருக்கும் வரியை வாசிக்கத் தொடங்குகிறான். பாதியில் ஓர் எழுத்தின் ஒலி நினைவுக்கு வராமல் குரல் நின்றுவிடுகிறது. கூட்டம் காத்திருக்கிறது. அவன் கண்கள் தேடி வந்து அவளிடம் நிற்கின்றன. பழைய உரிமையோடு புருவத்தை உயர்த்துகிறான். அவள் எழுகிறாள். "தெரியலையாண்ணே? போய் இன்னொரு தடவ தூங்கிப் பாருங்க." முதலில் நாத்தனார் சிரிக்கிறாள், பிறகு மண்டபமே சிரிக்கிறது. காதோம் மட்டும், கண்ணில் நீர் முட்ட, அந்த எழுத்தின் ஒலியை உதட்டுக்குள் அழுத்திப் பிடித்தபடி நிற்கிறாள்.