சிரிப்பக்காவின் மசாலா

"வருஷத்துல ஒரு நாள் என்னைப் பட்டினி போடறதுக்குன்னே அந்தம்மா கடல் தாண்டிப் பார்சல் அனுப்பறா!"

சமையலறை வாசலில் நின்று அப்பா முணுமுணுத்தார். லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்தால் எரிந்து விழுவதே வேலை.

அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூஸ்கூஸின் மேல் வெந்நீரை ஊற்றித் தட்டால் மூடினாள். ரவையைவிடச் சற்றுப் பருமனான கோதுமை மணிகள். ஐந்து நிமிஷத்தில் ஊறிப் பூத்துவிடும்.

மகளுக்குத்தான் சுருக்கென்றது. "என் பிறந்தநாளுக்கு அம்மா செய்யறாங்க. சாப்பிடலேன்னாலும் பேசாம இருக்கலாமேப்பா."

"பழம்னா பழம், சாப்பாடுன்னா சாப்பாடு. ரெண்டையும் கலந்தா அதுக்கு என்ன பேரு?"

"புதினா வாங்கலியே?" என்றாள் அம்மா. அவர் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு சத்தமாகப் படியிறங்கினார்.

"எப்படிம்மா இவரோட காலந்தள்ளினே?"

அம்மா ஆரஞ்சுச் சுளைகளை உரித்தபடி வழக்கமான கதையை ஆரம்பித்தாள். எத்தனை முறை கேட்டாலும் மகளுக்கு அலுக்காத கதை.

"நீ வயித்துல இருந்தப்போ அஞ்சு மாசம் தண்ணிகூடத் தங்கலே. எதிர்வீட்டுக்கு அப்பத்தான் ஒரு ஆப்பிரிக்க நர்ஸ் குடிவந்திருந்தா. ஒருநாள் கதவைத் தட்டறா. ஒரு கையிலே கிண்ணம் நிறைய இதே கூஸ்கூஸ், இன்னொரு கையிலே பக்கெட். அவ பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. ஸ்பூனை என் வாயிலே திணிச்சிட்டு, பக்கெட்டோட எதிரே உட்கார்ந்துட்டா. நான் கிண்ணத்தையே வழிச்சுட்டேன். அவ சிரிச்சா பாரு, மூணு மாடிக்கும் கேட்டுது!"

அன்றிலிருந்து அவள் சிரிப்பக்கா. தட்டுத் தடுமாறி இவர்கள் பேச்சையும் எழுத்தையும் கற்றுக்கொண்டு, பதினோரு வருஷம் கழித்துத் தன் ஊருக்குத் திரும்பிப் போனாள். அதன் பிறகு வருஷா வருஷம் இந்த நாளுக்கு ஒரு டப்பா மசாலாவும் நாலு வரிக் கடிதமும் வந்துவிடும்.

டப்பா மூடி திறக்க மறுத்தது.

"அப்பா பையிலே ஸ்க்ரூடிரைவர் இருக்கும், எடுத்துட்டு வா."

மகள் கூடத்துக்குப் போய்க் கருவிப் பையைத் துழாவினாள். ஸ்க்ரூடிரைவருக்கு அடியில் ஒரு காகித உறை. துறைமுகத் தெரு மசாலாக் கடையின் பெயர். உள்ளே கொஞ்சம் மசாலா மிச்சம் இருந்தது, அதே வாசனை. கூடவே பழைய கவரிலிருந்து நனைத்து உரித்த வெளிநாட்டுத் தபால்தலைகள். ஒரு தாளில், 'தங்கச்சி, நல்லா இருக்கியா?' என்று ஏழெட்டு முறை கோணலாக எழுதிப் பார்த்திருந்தது.

அம்மாவிடம் ஸ்க்ரூடிரைவரை மட்டும் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினாள். அப்பா புதினாக் கட்டோடு ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

தாளைப் பார்த்ததும் அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு வருஷம் ஆச்சும்மா. அவங்க மகன் போன் பண்ணினான். சிரிப்பக்கா போயிட்டான்னு. உங்கம்மாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எப்படிச் சொல்ல? அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். பிறந்தநாள் வந்துது. பார்சல் வரலியேன்னு கேட்டா என்ன பண்றது? ஒரு தடவைதானேன்னு நானே பார்சல் கட்ட ஆரம்பிச்சேன்."

"அப்புறம் ஏன் இப்படித் திட்டறீங்க?"

"திட்டலேன்னா சந்தேகம் வந்துடுமே!"

மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் மனசு உறுத்தியது. முப்பது வருஷச் சிநேகிதி. அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூட அம்மாவுக்கு வழியில்லாமல் போயிற்றே.

அம்மா ஊறிய மணிகளை முள்கரண்டியால் உதிர்த்து, மாதுளை, ஆரஞ்சு, உலர்திராட்சை, புதினா எல்லாம் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, மசாலாவைத் தூவினாள். பட்டையும் சீரகமும் காய்ந்த ரோஜாவும் கலந்த மணம் வீட்டை நிறைத்தது. மூவரும் உட்கார்ந்தார்கள். அம்மா கடிதத்தை வாய்விட்டுப் படித்தாள்.

"தங்கச்சி, நல்லா இருக்கியா? பழத்தை நிறையப் போடு. ராத்திரி தையல் மெஷின்ல குனிஞ்சு உட்காராதே. மாத்திரையை மறக்காதே."

அப்பா தட்டைப் பார்த்தபடியே, "இது என்ன குப்பை" என்று சொல்லிக்கொண்டு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

பாத்திரம் கழுவும்போது மகளால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். சிரிப்பக்கா..."

"தெரியும்."

மகள் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது.

"அவ மகன் என் தையல் கடை விலாசத்துக்கு எழுதியிருந்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் நான் கடைக்குப் போன முதல் நாள். கதவைச் சாத்திட்டு சாயந்திரம் வரைக்கும் அழுதேன். உங்கப்பாகிட்டே சொல்லலாம்னு வீட்டுக்கு வந்தா, மேஜை மேலே பார்சல்! பக்கத்துலே இவர் ஒண்ணுமே தெரியாத மாதிரி பேப்பர் படிக்கறார். சிரிப்பக்கா தப்பும் தவறுமாத்தான் எழுதுவா. அதுக்காக உங்கப்பா விடற அதே தப்பையா விடுவா?"

"அப்போ ஆறு வருஷமா ஏம்மா வாயைத் திறக்கலே?"

அம்மா கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல உங்கப்பா எனக்குன்னு ஒரு வரி எழுதினதில்லே. இப்பத்தான் வருஷத்துக்கு ஒரு லெட்டர் வருது. நீ பாட்டுக்குப் போய் அதைக் கெடுத்துடாதே!"