வலையைக் கிழிக்காத சிலந்தி

செம்பருத்திச் செடியில் வலை கட்டியிருந்த சிலந்தியை ஒரு கேமராக்காரர் காலையில் வெகுநேரம் படம் எடுத்தார். "ஒரு இழைகூட அறுபடல, என்ன நேர்த்தி. நாளைக்கும் வரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் கொழுத்த ஈ ஒன்று வலையில் மாட்டியது. அது துள்ளத் துள்ள இழைகள் அறுந்தன. சிலந்தி பதறி ஓடிப்போய், தானே ஈயை அவிழ்த்துவிட்டது.

எதிர்க்கிளையில் இருந்த கும்பிடுபூச்சி, "ஏன்க்கா, பசிக்கலையா?" என்று கேட்டது.

"பசிக்குதுதான். நாளைக்கும் அவர் வருவாரே. வலை கிழிஞ்சு கிடந்தா என்ன நினைப்பாரு?"

சாயங்காலம் சிக்கிய அந்துப்பூச்சியையும் அப்படியே அனுப்பிவைத்தது. வெறும் வயிற்றோடு உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒட்டி முடித்தது.

மறுநாள் கேமராக்காரர் வந்தார். சிலந்தி வலையின் நடுவில் எட்டுக் கால்களையும் பரப்பி, அசையாமல் காத்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"ப்ச், இன்னிக்கும் இரை ஒண்ணும் சிக்காத வெறும் வலைதானா," என்று முணுமுணுத்தபடி எதிர்க்கிளைப் பக்கம் திரும்பினார். அங்கே கும்பிடுபூச்சி வாயெல்லாம் பச்சையாக ஒரு வெட்டுக்கிளியைத் தின்றுகொண்டிருந்தது.

"இதுதான் படம்," என்று அவர் மண்டியிட்டார்.

கும்பிடுபூச்சி தலையைக்கூடத் திருப்பவில்லை. அதற்கு இன்னும் பாதி வெட்டுக்கிளி மிச்சமிருந்தது.